அட்டைப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பாவுக்கு வரும் தை மாதம் எழுபது வயது நிறைகிறது. சின்ன வயதில் அவர் சேர்த்து வைத்திருந்த அம்புலிமாமா, காமிக்ஸ், ரஷ்யக் கதைப் புத்தகங்கள் எல்லாம் வீடு மாறியபோது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. இன்றும் பேச்சுவாக்கில் அதைச் சொல்லி வருத்தப்படுவார். பிறந்தநாளுக்கு அவற்றில் சிலவற்றையாவது வாங்கித் தர ஆசை. ஃபேஸ்புக்கில் ஒரு விற்பனையாளர் கிடைத்தார். 1964ஆம் வருட அம்புலிமாமா பன்னிரண்டு இதழும் ஒரே பைண்டிங்காக 15,000 ரூபாய், மாஸ்கோவில் அச்சான ஒரு தமிழ்ப் படக்கதைப் புத்தகம் ‘1960களின் முதல் பதிப்பு, மிக அரிது’ என்று 4,500 ரூபாய், முத்து காமிக்ஸின் முதல் இதழான இரும்புக்கை மாயாவி ‘1972 ஒரிஜினல்’ 12,000 ரூபாய் என்கிறார். மூன்றையும் சேர்த்து எடுத்தால் 28,000 ரூபாயாம். அட்டைப் படங்களை மட்டும்தான் அனுப்பியிருக்கிறார். ரஷ்யப் புத்தகத்தின் அட்டையில் கீழே ‘ராதுகா பதிப்பகம், மாஸ்கோ’ என்று இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்களாம். இன்று இரவுக்குள் முழுப்பணத்தையும் ஜிபேயில் போடச் சொல்கிறார். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாராம். வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று இரவு பணம் போடாதீர்கள். அந்த விற்பனையாளர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் பழைய புத்தகங்களை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் நானும், மூன்று அட்டைப் படங்களைப் பார்த்துவிட்டு இருபத்தெட்டாயிரம் அனுப்ப மாட்டேன். பழைய புத்தகத்தில் தலைப்புக்கு விலை கிடையாது. விற்பவர் கையில் இருக்கும் அந்த ஒரு பிரதிக்குத்தான் விலை. அந்தப் பிரதியின் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

உங்கள் கடிதத்தில் இருக்கும் தகவலை வைத்தே ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த ரஷ்யப் புத்தகம் 1960களில் வந்ததல்ல. ராதுகா பதிப்பகம் 1982இல்தான் தனி நிறுவனமாகத் தொடங்கியது. அதற்கு முன் தமிழில் வந்த சோவியத் கதைப் புத்தகங்களை வெளியிட்டது முன்னேற்றப் பதிப்பகம். 1960களின் தொடக்கம் வரை அதற்கு அயல்மொழிப் பதிப்பகம் என்று பெயர். சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது. ஆகவே ராதுகா பெயர் போட்ட தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் 1982க்கும் 1991க்கும் இடைப்பட்டதாகத்தான் இருக்கும். விற்பவர் தெரிந்தே பொய் சொல்லியிருக்கலாம். ‘ரஷ்யப் புத்தகம் என்றால் அறுபதுகள்’ என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பியும் இருக்கலாம். இந்தச் சந்தையில் இரண்டாவது வகைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

இதை விடவும் உங்களுக்கு முக்கியமான விஷயம் இன்னொன்று. இப்போது எழுபதை நெருங்குபவர் 1982இல் இருபது வயதைத் தாண்டியவர். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கையில் வைத்திருந்தது ராதுகா புத்தகமாக இருக்க வழியில்லை. அதே கதை முன்னேற்றப் பதிப்பகத்தில் முதலில் வந்து, பிறகு ராதுகாவில் மறுபடி வந்திருக்கலாம். ஆனால் ஓவியமும் அளவும் மாறியிருக்கலாம். அப்பாவுக்கு நினைவிருப்பது எந்தக் கதை, எந்தப் படம் என்று சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். பிறந்தநாள் ரகசியம் போய்விடும் என்று தயங்க வேண்டாம். பழைய கதையைப் பேச ஆரம்பித்தால் அவரே பத்து விஷயம் சொல்வார்.

சோவியத் புத்தகங்களில் ஒரு பெரிய வசதி உண்டு. அவற்றின் பிறப்புச் சான்றிதழ் உள்ளேயே இருக்கும். தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் தமிழில் பதிப்பக விவரம் இருக்கும், பெரும்பாலும் ஆண்டும் இருக்கும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ரஷ்ய மொழியில் நான்கைந்து வரிகள் இருக்கும். அச்சுக்குப் போன தேதி, தாளின் அளவு, எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை ‘திராஷ்’ என்று வாசிக்க வேண்டிய ரஷ்யச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். செல்போன் கேமராவை அந்த வரிகளின் மேல் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலிகள் அதைப் படித்துச் சொல்லிவிடும். ‘அரிது’ என்ற சொல்லை யாரும் எழுதலாம். இந்த எண்ணை யாரும் மாற்றி எழுத முடியாது. அதனால் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கப் படம் வராமல் பேச்சே வேண்டாம்.

பல பிரதிகளில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் முத்திரை இருக்கும். 1951இல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் இந்தப் புத்தகங்களைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. முத்திரை இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். அந்தப் பிரதி எந்த வழியாக வந்தது என்பதற்கு அது சாட்சி. இன்னொரு எச்சரிக்கை: சில சோவியத் கதைகளைப் பின்னாளில் இங்கேயே மறுபதிப்பு செய்திருக்கிறார்கள். பின்னட்டையில் பார்கோடும் பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என் எண்ணும் இருந்தால் அது பெரும்பாலும் 2007க்குப் பிந்தைய அச்சு. விலைக்கு முன்னால் ₹ குறியீடு இருந்தால் 2010 ஜூலைக்குப் பிந்தையது. படிப்பதற்கு அந்த மறுபதிப்புகள் அருமையானவை. ஆனால் அவற்றுக்குப் புதுப் புத்தக விலைதான் கொடுக்க வேண்டும்.

அடுத்து மாயாவி. இந்த மூன்றில் எனக்கு அதிக சந்தேகம் இதில்தான். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது உண்மை. அந்த முதல் அச்சைச் சேகரிப்பாளர்கள் உயிராக நினைக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கதை ஒரு தடவைக்கு மேல் மறுபதிப்பு கண்டிருக்கிறது. தலைப்பும் மாயாவியின் படமும் ஒன்றாகவே இருப்பதால், அட்டையை மட்டும் பார்த்து எது எந்த அச்சு என்று பழக்கமில்லாத கண்ணால் பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, உள்பக்கங்கள் அசலாக இருந்து அட்டை மட்டும் கலர் ஜெராக்ஸாக இருக்கும் பிரதிகளும் சுற்றுகின்றன. கிழிந்த அட்டைக்குப் பதிலாக யாரோ ஆசையாகப் போட்டு வைத்திருப்பார்கள். நாலு கை மாறிய பிறகு அது ‘ஒரிஜினல்’ ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க நடுப்பக்கத்தைப் பாருங்கள். இதழைச் சரியாக நடுவில் விரித்தால் இரண்டு பின்கள் தெரியும். ஐம்பது வருடப் பழைய பின்கள் நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடித்திருக்கும். அந்தத் துருவின் கறை சுற்றியுள்ள தாளில் இறங்கியிருக்கும். தாளில் துருக்கறை இருந்து பின் மட்டும் பளபளவென்றிருந்தால், யாரோ பிரித்து மறுபடி அடித்திருக்கிறார்கள். அடுத்து, அட்டையில் பின் துளைத்த இடமும் உள்பக்கங்களில் துளைத்த இடமும் ஒரே நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டையில் இரண்டு துளை, உள்ளே நான்கு துளை என்றால் அட்டை வேறு, உள்பக்கம் வேறு. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. அச்சகத்து ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சான வண்ணப்படத்தில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும். வீட்டு பிரிண்டரில் எடுத்ததில் தாறுமாறாகத் தெறித்திருக்கும். லேசர் ஜெராக்ஸில் மை தாளின் மேலேயே உட்கார்ந்து, சாய்வான வெளிச்சத்தில் மினுமினுக்கும். இதையெல்லாம் நேரில் பார்ப்பது போல போட்டோவில் பார்க்க முடியாது. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எடுத்த ஒரு படமும், அட்டையின் உள்பக்கப் படமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

பழைய தமிழ் அச்சுக்கு காலம் குறிக்க நம்மிடம் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு.  ‘இல்லை’, ‘என்னை’, ‘வேளை’ போன்ற சொற்களில் வரும் ஐகாரத்தைப் பாருங்கள். லை, னை, ளை, ணை எழுத்துகளை முன்பு தும்பிக்கை வளைந்து மேலே ஏறியது போன்ற கொக்கியோடு அச்சிடுவார்கள். ணா, றா, னா மூன்றுக்கும் தனித்தனிச் சுழி வடிவம் இருந்தது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்ட பிறகுதான் இப்போது நாம் எழுதும் வடிவம் பொது வழக்காகப் பரவியது. அதற்கு முன்பே பெரியாரின் பத்திரிகைகள் புது வடிவத்தைப் பயன்படுத்தின என்பது தனிக்கதை. மற்றபடி 1964 அம்புலிமாமாவிலோ 1972 காமிக்ஸிலோ புது ‘லை’ இருந்தால், அது பின்னாளில் மறுபடி அச்சுக் கோத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் திருப்பிப் போட்டால் செல்லாது. பழைய எழுத்து இருப்பதாலேயே 1978க்கு முந்தையது என்று முடிவு கட்டக்கூடாது. கையிருப்பு எழுத்தை வீணாக்க மனமில்லாமல் பல அச்சகங்கள் வருடக்கணக்கில் பழைய வடிவத்திலேயே ஓட்டின. ஈழத்து அச்சுகளுக்கும் நம் அரசாணைத் தேதி பொருந்தாது. மேலும், அசல் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அச்சடித்த மறுபதிப்பில் பழைய எழுத்து இருக்கத்தானே செய்யும்!

இனி அம்புலிமாமா. உங்கள் அப்பாவுக்கு நான் தேர்வு செய்வதென்றால் இதைத்தான் தேர்வு செய்வேன். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். 1952இல் ஓவியர் சங்கர் வந்து சேர்ந்தார். தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை நம் கண்ணில் நிறுத்தியவர் அவர்தான். 1964இல் எட்டு வயதுப் பையனாக இருந்த ஒருவருக்கு அந்த வருடத்து இதழ்களைவிடப் பொருத்தமான பரிசு கிடைப்பது கஷ்டம்.

ஆனால் ‘பைண்டிங்’ என்ற சொல்லில் சில விஷயங்கள் மறைந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் வீடுகளிலும் வாடகை நூலகங்களிலும் வருட இதழ்களைச் சேர்த்துக் கொடுக்கும்போது, பைண்டர்கள் பெரும்பாலும் மேலட்டைகளைக் கிழித்துவிட்டுத்தான் தைப்பார்கள். முன்னும் பின்னும் உள்ள விளம்பரத் தாள்களும் போய்விடும். பிறகு மூன்று ஓரத்தையும் கட்டிங் மெஷினில் கொடுத்து ஒரு சுற்று வெட்டுவார்கள். சில சமயம் படத்தின் விளிம்போ பக்க எண்ணோ அதோடு போய்விடும். ஓரத் தையல் போட்டிருந்தால் உள்பக்கத்து எழுத்து முதுகுக்குள் புதைந்து, அழுத்தி விரித்தால்தான் படிக்க முடியும். அழுத்தி விரித்தால் அறுபது வருடத்துத் தாள் உடையும். இன்னொன்று, ‘1964 முழு வருடம்’ என்ற பைண்டிங்கில் சில சமயம் பத்து மாதம்தான் 1964ஆக இருக்கும். கிடைக்காத மாதத்துக்குப் பதிலாக 1963இன் டிசம்பரோ 1965இன் ஜனவரியோ உட்கார்ந்திருக்கும். ஆகவே பன்னிரண்டு இதழின் முதல் பக்கத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது அரை மணி நேர வேலைகூட இல்லை. பதினைந்தாயிரம் கேட்பவர் அதைச் செய்து தர வேண்டும்.

அந்தப் படங்களில் முகவரி வரியையும் தேடுங்கள். அம்புலிமாமா வடபழனியிலிருந்து வந்தது. ஆறு இலக்க பின்கோடு நாட்டில் அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15இல். எனவே 1964 இதழில் முகவரி 26 என்ற எண்ணோடு முடிய வேண்டும். 600026 என்று இருந்தால் ஆண்டு தவறு. விலையும் ஒரு சாட்சிதான். 1957 ஏப்ரலுக்கு முந்தைய இதழென்றால் அணாவில் இருக்கும். அதற்குப் பிறகு நயா பைசா. ‘நயா’ என்ற சொல்லை அரசு எடுத்தது 1964 ஜூனில். அதனால் நீங்கள் கேட்கும் அதே வருடத்தில் விலை எழுதும் முறையே மாறியிருக்கலாம். பார்க்கச் சுவாரஸ்யமாக இருக்கும்.

தாளையும் சொல்லிவிடுகிறேன். மட்டமான தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு அது பழுப்பாகும், அமிலம் சேரும், கடைசியில் மூலையை மடித்தால் அப்பளமாக நொறுங்கும். காற்று படும் விளிம்பு கறுத்தும் நடுப்பகுதி வெளிறியும் இருப்பதுதான் இயல்பு. 1964 என்று சொல்லும் தாள் ஓரம் முதல் நடு வரை வெள்ளை வெளேரென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள், எல்லா இடமும் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

விலைக்கு வருகிறேன். பைண்டிங்குக்கும், பைண்ட் செய்யாத தனி இதழ்களின் கணக்கிலேயே விலை சொல்வது இந்தச் சந்தையில் வழக்கம். அதை ஏற்காதீர்கள். சேகரிப்பாளருக்கு அட்டைதான் உயிர். மேலட்டைகள் இல்லாத, ஓரம் வெட்டிய பைண்டிங் அவருக்குப் பாதி மதிப்புகூட இல்லை. உங்கள் நிலைமை அப்படியல்ல. அப்பா அதை அலமாரியில் பூட்டி வைக்கப் போவதில்லை, மடியில் வைத்துப் படிக்கப் போகிறார். தொடர்கதை வரிசையாக இருக்கிறது, கெட்டி அட்டை இருக்கிறது, உதிரிப் பக்கம் தொலையாது. சேகரிப்பாளர் வேண்டாம் என்று ஒதுக்கும் பொருள் உங்களுக்கு முழுப் பலன் தருகிறது. இந்த இடைவெளிதான் உங்கள் பேர பலம். உள்பக்கம் முழுமையாக இருந்து மேலட்டைகள் இல்லை என்று தெரிந்தால், அவர் சொன்னதில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பன்னிரண்டு அட்டையும் உள்ளே சேர்த்தே தைத்திருந்தால் பெரிதாகக் குறைக்கச் சொல்லாதீர்கள். அப்படிப் பைண்ட் செய்து வைத்த வீட்டுக்காரரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

முதல் பக்கத்தில் ‘5ஆம் வகுப்பு, ஆ பிரிவு’ என்று ஒரு பிள்ளையின் பெயர் மசியில் எழுதியிருக்கும். ராட்சசனுக்கு மீசை வரைந்திருப்பார்கள். விற்பவர்கள் இதற்குத் தயங்கித் தயங்கி விலை குறைப்பார்கள். எனக்கு அவை குறையாகத் தெரிவதில்லை. ஒரு குழந்தை உண்மையிலேயே படித்த பிரதி அது. உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றும் என்று நினைக்கிறேன். குறை என்று நான் சொல்வது வேறு: படம் வெட்டியெடுத்த பக்கம், செல்லோடேப் ஒட்டி மஞ்சள் பசை இறங்கிய தாள், லேமினேஷன், கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை, பொடிப் பொடியாகத் துளை. செல்லோடேப்பும் லேமினேஷனும் செய்த கெடுதலைத் திருப்ப முடியாது. அப்படிப்பட்ட பிரதியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் எடுப்பதில்லை.

பணம் கொடுக்கும் விதம்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘இன்று இரவுக்குள்’ என்ற அவசரத்துக்கு மயங்காதீர்கள். அவர் அனுப்பிய படங்களை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். வேறொருவர் எப்போதோ போட்ட அதே படம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வராவிட்டால், ஒரு துண்டுத்தாளில் இன்றைய தேதியையும் உங்கள் ஊர் பெயரையும் எழுதி, அதைப் புத்தகத்தின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புத்தகம் அவர் கையில்தான் இருக்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும். அப்புறம் வீடியோ காலில் பக்கங்களைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கில் அவரிடம் முன்பு வாங்கியவர்கள் இருவரிடமாவது விசாரியுங்கள். பாதிப் பணம் முன்பணமாகவும், ஸ்பீடு போஸ்ட் எண் வந்ததும் மீதியும் என்று கேட்பது நியாயமான ஏற்பாடு. நேர்மையான வியாபாரிகள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி யாராவது க்யூஆர் கோடு அனுப்பினாலோ, யூபிஐ பின் நம்பரைப் போடச் சொன்னாலோ உடனே விலகிவிடுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அப்பாவின் பிறந்தநாள் தை மாதத்தில் என்கிறீர்கள். புத்தகம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பயணம் செய்யும் வாய்ப்பு அதிகம். முதலில் பிளாஸ்டிக் கவர், அதன் இருபுறமும் கெட்டி அட்டை, அதற்கு மேல் பெட்டி என்று கட்டச் சொல்லுங்கள். டேப் எதுவும் புத்தகத்தின் மேல் நேரடியாகப் படக்கூடாது. வெறும் உறையில் போட்டு அனுப்பிய பழைய புத்தகத்தின் மூலைகள் முழுசாக வந்து சேர்வதில்லை. பார்சல் வந்ததும் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள்.

வீட்டில் மற்ற புத்தகங்களோடு உடனே சேர்த்துவிடாதீர்கள். வெள்ளிப்பூச்சியும் துளைப்பூச்சியும் ஒரு புத்தகத்தோடு வந்து அலமாரி முழுவதும் பரவும். காற்றுப் போகாத ஜிப் கவரில் போட்டு, ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்த பிறகு ஒருநாள் முழுக்கக் கவரைத் திறக்காமல் வையுங்கள். குளிர்ந்த தாளில் உடனே காற்றுப் பட்டால் ஈரம் கோக்கும். கிழிசலை ஒட்ட வேண்டுமென்றால் மெல்லிய ஜப்பானியத் தாளும் மைதாப் பசையும் தெரிந்த ஒரு பைண்டரிடம் கொடுங்கள். கும்பகோணத்திலேயே பழைய கோயில் ஏடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் சீர்செய்பவர்கள் இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.

இந்த மூன்றில் எதை எடுப்பது என்று கேட்டால் என் யோசனை இது: பைண்டிங்கைப் படங்கள் பார்த்து, பேரம் பேசி எடுங்கள். ரஷ்யப் புத்தகத்தை அப்பா சொல்லும் கதை தெரியும் வரை நிறுத்தி வையுங்கள். மாயாவியை இவரிடம் வாங்க வேண்டாம். முதல் அச்சு என்று நிரூபிக்காத வரை அதற்குப் பன்னிரண்டாயிரம் கொடுப்பது வீண். அந்தக் கதையின் மறுபதிப்பு கிடைத்தால் மிகக் குறைந்த செலவில் அப்பா படித்துவிடலாம். சேர்த்து எடுத்தால்தான் தள்ளுபடி என்று அவர் பிடிவாதம் பிடித்தால், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் தள்ளுபடிக்காகப் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சந்தேகப் பொருளை வாங்குகிறோம் என்ற கணக்கை மனதில் வையுங்கள்.

அந்தப் பைண்டிங் கைநழுவினால் கவலைப்படாதீர்கள். அம்புலிமாமா ஏராளமாக விற்ற பத்திரிகை, அறுபதுகளின் இதழ்கள் இன்னும் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. சென்னைக்குப் போனால், கடைகள் இப்போதும் அங்கே இருக்கின்றனவா என்று விசாரித்துக்கொண்டு, அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகள் பலர் குடியேறிய இடம் அது. அசல் இதழ் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ள விரும்பினால் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைத் தொகுப்புகளைப் பற்றி விசாரிக்கலாம்.

விற்பவருக்கு இப்படி எழுதுங்கள்: “சார், வணக்கம். 1964 பைண்டிங்கில் எனக்கு ஆர்வம் உண்டு. பன்னிரண்டு மாதத்தின் முதல் பக்கமும், புத்தகத்தின் முதுகும், தையல் தெரியும்படி நடுவில் விரித்த ஒரு பக்கமும், இன்றைய தேதிச் சீட்டோடு ஒரு படமும் அனுப்புங்கள். மேலட்டைகள் உள்ளே இருக்கின்றனவா, ஏதாவது பக்கம் குறைகிறதா என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பார்த்துவிட்டு இரண்டு நாளில் பதில் சொல்கிறேன். பாதி முன்பணம், அனுப்பிய ரசீது வந்ததும் மீதி. சம்மதம்தானே?”

படங்கள் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.